ஃபேர்னஸ் எப்படி வேலை செய்கிறது: திருகோணமலையிலிருந்து குளிர்நாட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தை மாதம், காலை எட்டரை மணி. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கனடாவின் ஸ்காபரோவில் அப்போது முதல்நாள் இரவு பத்து மணி. அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் அழைத்தான்.

“மாமா, வீடு ஐஸ் மாதிரிக் கிடக்கு. ஃபேர்னஸ் சத்தம் போடுது, ஆனா சூடு வருதில்ல. வெளியில மைனஸ் பதினெட்டு.”

“கதைக்காத. போன அதுக்குப் பக்கத்துல பிடி.”

கேட்டேன். ஒரு சின்ன விசிறி சுழலத் தொடங்கியது. அரை நிமிடம் ஓடியது. நின்றது. கொஞ்ச நேரம் அமைதி. திரும்பவும் அதே விசிறி, அதே அரை நிமிடம். மூன்றாவது தடவையோடு என்ன பிழை என்று எனக்கு ஏறக்குறைய விளங்கிவிட்டது. பதினாறு வருடம் கனடாவில் வீடு வீடாகப் போய் இந்த வேலைதான் செய்தேன். ஃபேர்னஸ், அதாவது குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் பெட்டி, ஒழுங்கு தவறாத சாமான். ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில்தான் எழும்பும். அந்த வரிசையைக் காதால் பழகிக்கொண்டால், எந்த இடத்தில் நின்றதென்று நீங்களே சொல்லிவிடலாம். அதைச் சொல்லித்தரத்தான் இதை எழுதுகிறேன். மருமகன் வீட்டுப் பிழைக்குக் கடைசியில் வருகிறேன்.

நம்மூர் ஆட்களுக்கு இது ஏன் பிடிபடுவதில்லை என்று எனக்குத் தெரியும். இங்கே சூடு என்பது துரத்த வேண்டிய ஒன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுவரே அனல் கக்கும். வெந்நீர் வேண்டுமென்றால் கன்னியாவில் ஏழு கிணறும் இயற்கையாகவே சுட்டுக்கொண்டிருக்கிறது. குளிர் ஆளைக் கொல்லும் என்பதை 2022 டிசம்பரில்தான் கொஞ்சம் கண்டோம். மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான ஆடுமாடுகள் விறைத்து விழுந்தன. மைனஸ் இருபது அதைவிட எவ்வளவோ கொடியது. அங்கே ஃபேர்னஸ் ஒரு இரவு நின்றால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கக்கூடும்.

அடுப்பும் பானையும்

அம்மா விறகடுப்பில் சோறு வடித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு கீழே, புகை பக்கத்தால் போகும், தண்ணீர் பானைக்குள்ளே. நெருப்பின் சூடு பானைச் சுவரைத் தாண்டி உள்ளே போகிறது. புகை போவதில்லை. ஃபேர்னஸும் இவ்வளவுதான். பானைக்குப் பதிலாக வளைந்து வளைந்து போகும் உலோகக் குழல்கள், அதற்குப் பெயர் வெப்பமாற்றி. குழலுக்கு உள்ளே நெருப்பும் புகையும். குழலுக்கு வெளியே வீட்டுக் காற்று. காற்று குழலைத் தடவிக்கொண்டு போகும்போது சூடாகிறது, புகை வேறு வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது.

புகையும் காற்றும் ஒருபோதும் சந்திக்கக்கூடாது. பெட்டிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சாமான்களில் சில இந்த ஒரு விதிக்காகத்தான் இருக்கின்றன. பழைய வெப்பமாற்றியில் வெடிப்பு விழுந்தால், அல்லது புகை வெளியேறும் வழி அடைபட்டால், காபன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, ஓங்காளம், தூக்கம் மாதிரி ஒரு மயக்கம், அவ்வளவுதான் அறிகுறி. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியில் போனதும் சரியாகிறதென்றால், காய்ச்சல் என்று நினைத்துப் படுக்காதீர்கள். வெளியேறி அவசர இலக்கத்துக்கு அடியுங்கள். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இதற்கான அலாரம் இருப்பது 2014 முதல் சட்டம். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கத்தில் திகதி அடித்திருக்கும், பாருங்கள்.

காதால் கேட்க வேண்டிய வரிசை

ஒரு நாள் பேஸ்மென்ட்டுக்கு (நிலக்கீழ் அறைக்கு) ஒரு கதிரையைக் கொண்டுபோய் ஃபேர்னஸுக்கு முன்னால் இருங்கள். மேலே யாரையாவது, வீட்டுச் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ராற்றை இரண்டு பாகை கூட்டச் சொல்லுங்கள். பிறகு நடப்பது இது.

முதலில் ஒரு ‘டிக்’. தேர்மோஸ்ராற் 24 வோல்ற் மெல்லிய மின்சாரத்தால் “குளிருது” என்று பெட்டிக்குள் இருக்கும் மின்பலகைக்குச் சொல்கிறது.

இரண்டாவது, சின்ன விசிறி சுழலும் சத்தம். இது வீட்டுக்குக் காற்றடிக்கும் பெரிய விசிறி இல்லை. இதன் வேலை, குழல்களுக்குள் மிச்சமிருக்கும் பழைய புகையை வெளியே இழுத்து, புதிய புகைக்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே இதை இன்டியூசர் என்பார்கள்.

மூன்றாவது, இன்னொரு சின்ன ‘டிக்’. இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம், ஆனால் இதுதான் முக்கியம். விசிறி இழுக்கும் உறிஞ்சலை ஒரு ரப்பர்க் குழாய் வழியாக உணர்ந்து மூடிக்கொள்ளும் பிரஷர் சுவிட்ச் அது. புகைவழி அடைபட்டிருந்தால் உறிஞ்சல் போதாது, சுவிட்ச் மூடாது, காஸ் வராது. இதற்கு மேல் ஒரு அடிகூட நகராது.

நான்காவதற்குச் சத்தம் இல்லை, கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணாடித் துளை வழியாக உள்ளே செம்மஞ்சளாக ஒன்று ஒளிரும். ஆயிரம் பாகைக்கும் மேல் காயும் தீமூட்டி. 1980களுக்கு முந்திய பெட்டிகளில் இந்த இடத்தில் கோயில் தூண்டாமணி விளக்குப்போல ஒரு சின்னச் சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுடரே வருடம் முழுக்க காஸ் தின்னும்.

ஐந்தாவது, ‘வுஃப்’ என்று ஒரு மெல்லிய சத்தம். காஸ் வால்வு திறந்து, நீலச் சுவாலை காஸ் எரியும் வாயான பேர்னர் ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தாவி வரிசையாகப் பிடிக்கும். ‘டமார்’ என்று கேட்டால் அது சரியில்லை, காஸ் தாமதமாகப் பற்றுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள். சுவாலை மஞ்சளாக ஆடினாலும் அப்படித்தான்.

உடனே ஒரு மெல்லிய உலோகக் கம்பி சுவாலைக்குள் நின்று சாட்சி சொல்லும். சுவாலைக்கு மின்சாரத்தைக் கடத்தும் குணம் உண்டு. அம்பியரில் பத்து இலட்சத்தில் சில பங்குதான் ஓடும், ஆனால் அது போதும். “நெருப்பு இருக்கு” என்ற சாட்சி சில விநாடிக்குள் கிடைக்காவிட்டால் மின்பலகை காஸை வெட்டிவிடும். எரியாத காஸ் வீட்டுக்குள் சேரக்கூடாது என்பதற்காக.

ஆறாவது, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கழித்து ‘ஊ’ என்று பெரிய விசிறி. வெப்பமாற்றி சூடேறும்வரை இது பொறுத்திருக்கும், இல்லாவிட்டால் முகத்தில் பச்சைக் குளிரை ஊதிவிடும். இது அறைகளிலிருந்து ஆறின காற்றை இழுத்து, தூசி பிடிக்கும் பில்ரருக்குள்ளால் விட்டு, குழல்களைத் தடவ வைத்து, தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறையிலும் காற்று வரும் துளையான வென்ற்றுக்கு அனுப்புகிறது. வீடு கேட்ட சூட்டை எட்டியதும் முதலில் நெருப்பு அணையும். பெரிய விசிறி இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி மிச்சச் சூட்டை வழித்துக்கொண்டு நிற்கும். நம்மூர் பேக்கரிப் போறணையில் விறகை இழுத்து வெளியே போட்ட பிறகும் பாண் வேகிறதே, அதே மிச்சச் சூடு.

புட்டு ஆவியும் 95 வீதமும்

ஃபேர்னஸ் வாங்கப் போனால் முதலில் காட்டுவது வீதக் கணக்கு. 80 வீதம் என்றால், நீங்கள் காசு கொடுத்த காஸின் சூட்டில் 80 பங்கு வீட்டுக்கு வரும், 20 பங்கு புகையோடு போகும். 2019 முதல் கனடாவில் வீட்டுப் பாவனைக்கு வரும் புதிய காஸ் ஃபேர்னஸ் குறைந்தது 95 வீதம் இருக்க வேண்டும். அந்த மிச்சம் 15 பங்கை எங்கிருந்து பிடித்தார்கள்?

புட்டு அவிக்கும்போது ஆவி கையில் பட்டவர்களுக்குத் தெரியும், கொதிதண்ணீர் பட்டதைவிட அது மோசம். 30 பாகைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகமான சூடு அதை ஆவியாக்கத் தேவை. அந்தச் சூடு ஆவிக்குள் ஒளிந்திருக்கும். தோலில் பட்டுத் தண்ணீரானதும் அவ்வளவையும் கக்கிவிடும்.

காஸ் எரிந்தால் புகையோடு தண்ணீராவியும் வரும். ஒரு கன மீற்றர் இயற்கை வாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போகும். பழைய பெட்டிகள் அதை அப்படியே புகைபோக்கியால் விட்டன. புதியவற்றில் இரண்டாவதாக ஒரு வெப்பமாற்றி இருக்கிறது. ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும்போது அந்த ஒளிந்த சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் புதிய ஃபேர்னஸுக்குப் புகைபோக்கி தேவையில்லை. புகை பிளாஸ்ரிக் தாங்குமளவுக்கு ஆறிவிடும், வெள்ளை பி.வி.சி. குழாய் வழியாகப் பக்கச் சுவரால் போகும். கீழே ஒரு மெல்லிய குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். புதிதாக வீடு வாங்கியவர்கள் “மாமா, ஃபேர்னஸ் ஒழுகுது” என்று பதறுவது இதைக் கண்டுதான். அது நிலத்து வடிகாலுக்குள் போனால் ஒழுக்கு இல்லை. பெட்டியைச் சுற்றித் தரையில் தேங்கினால்தான் ஒழுக்கு, குழாயில் அடைப்பு இருக்கும்.

என்னென்ன வகை

எரிபொருள்தான் முதல் பிரிவு. ஒன்ராறியோ நகரங்களில் பெரும்பாலும் தெருவுக்கடியில் வரும் இயற்கை வாயு. அந்தக் குழாய் எட்டாத நாட்டுப்புறத்தில் புரொப்பேன் தாங்கி முற்றத்தில் நிற்கும். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் மறக்கக்கூடாது. இயற்கை வாயு காற்றைவிடப் பாரம் குறைவு, மேலே போகும். புரொப்பேன் நம்மூர்ச் சிலிண்டர் காஸ் மாதிரிப் பாரமானது, தரையில், பேஸ்மென்ட்டில் தேங்கும். இரண்டுக்கும் அழுகின முட்டை மணம் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அந்த மணம் வந்தால் லைற் சுவிட்சைத் தொடாமல் வெளியே போங்கள், போனையும் வெளியில் நின்றே எடுங்கள்.

கனடாவின் கிழக்குக் கரையோரத்தில் எண்ணெய் ஃபேர்னஸ் நிறைய இருந்தது, இன்னும் இருக்கிறது. நிலக்கீழ் அறையில் எண்ணெய்த் தாங்கி, வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் துப்புரவு, செலவும் கூட. எனக்குப் பிடிக்காத வகை.

மின்சார ஃபேர்னஸில் நெருப்பே இல்லை, தலைமயிர் உலர்த்தும் கருவியைப் பெரிதாக்கியதுபோல. புகை இல்லை, மேலே சொன்ன பயமும் இல்லை. ஆனால் மின்சாரம் விலை கூடின இடத்தில் பில் கையைச் சுடும். நீர்மின்சாரம் மலிவான கியூபெக்கில்தான் மின்சாரச் சூடு பரவலாக இருக்கிறது.

அப்புறம் காஸ் ஃபேர்னஸுக்குள்ளேயே மூன்று தினுசு. ஒற்றைக் கட்டம் எரிந்தால் முழுவேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். இரண்டு கட்டம் சாதாரண நாளில் சிறுதீ, கொடுங்குளிரில் பெருந்தீ. மூன்றாவது வகை, சமைக்கும்போது நாம் காஸ் திருகைக் கூட்டிக் குறைப்பதுபோல வேண்டிய அளவுக்குத் தானே கூட்டிக் குறைக்கும். என் கருத்தைக் கேட்டால் சாதாரண வீட்டுக்கு இரண்டு கட்டமே போதும். மூன்றாவதின் மின்பலகை பழுதானால் விலையைக் கேட்டுத்தான் ஆளுக்கு வியர்க்கும்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் இதை வாசித்துவிட்டு “எங்கட வீட்டில் இப்படி ஒன்றுமில்லையே” என்பார்கள். உங்களுடையது பொய்லர். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைச் சூடாக்கி, சுவரோர ரேடியேற்றர்களுக்கு அனுப்பும். ஆவியிலிருந்து சூட்டைப் பிடிக்கும் அதே வித்தை அங்கும் உண்டு. குளிர் கூடிய நாளில் வெளியே போகும் அந்தச் சொட்டுக் குழாய் உறைந்துதான் பல பொய்லர்கள் நிற்கின்றன. இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள், கொதிதண்ணீர் வேண்டாம்.

இப்போது எல்லாரும் பேசுவது ஹீற் பம்ப். உப்புவெளி ஹொட்டேல்களின் பின்பக்கம் நடந்திருக்கிறீர்களா? ஏ.சி.யின் வெளிப்பெட்டி சுடச்சுட ஊதும். அறைக்குள் இருந்த சூட்டைத்தான் வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. அதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டினால், வெளியிலிருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவரும். பூச்சியத்துக்குக் கீழே வெளியில் என்ன சூடு என்று சிரிப்பீர்கள். மைனஸ் பத்துக் காற்றிலும் சூடு இருக்கிறது, அதைவிடக் குளிரான வாயுவை அதற்குள் ஓடவிட்டால் அது வாங்கிக்கொள்ளும். சூட்டை உண்டாக்காமல் சுமந்து வருவதால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு சூடு கிடைக்கும். குளிர் கூடக்கூட இந்தக் கணக்கு இறங்கும். அதனால் கொடுங்குளிர் இடங்களில் ஹீற் பம்ப்பையும் காஸ் ஃபேர்னஸையும் ஒன்றாகப் பூட்டி, மிகக் குளிரான நாட்களை மட்டும் காஸிடம் விடுகிறார்கள். நோர்வேயில் 2020 முதல் வீடுகளை மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயால் சூடாக்குவதே தடை.

பெரிது நல்லதில்லை

ஃபேர்னஸின் பலத்தை பி.ரி.யூ. என்று அளப்பார்கள். ஒரு தீக்குச்சி முழுவதும் எரிந்தால் வரும் சூடு ஏறக்குறைய ஒரு பி.ரி.யூ. மணிக்கு 60,000 என்றால் அத்தனை தீக்குச்சி. நம்மாட்கள் “பெருசாப் போட்டால் கெதியாச் சூடாகும்” என்று ஒரு இலட்சத்தைப் போட்டுவிடுவார்கள். அது ஐந்து நிமிடம் எரிந்து நிற்கும், திரும்ப எரியும். மேல்மாடி வேகும், கீழ்மாடி விறைக்கும், உதிரிகள் சீக்கிரம் தேயும். சரியான அளவு என்றால் மிகக் குளிரான நாளில் ஏறக்குறைய ஓயாமல் ஓட வேண்டும். சுவர், யன்னல், கூரைக் காப்பு எல்லாம் அளந்து கணக்குப் போடாமல் “பழையது எத்தனை? அதையே போடுவம்” என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தம் பற்றியும் ஒரு சொல். எனக்குத் தெரிந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டி, “உங்கள் ஃபேர்னஸ் ஆபத்து” என்று பயமுறுத்தி, மாதக் கட்டணத்தில் புதியதைப் பூட்டிவிட்டுப் போனது ஒரு நிறுவனம். வீட்டை விற்கப் போனபோதுதான் காணிப் பதிவில் ஒரு கடன்பதிவு ஏறியிருப்பது தெரிந்தது. ஒன்ராறியோவில் இப்படிக் கேளாமல் வாசலில் வந்து ஃபேர்னஸ் விற்பதை 2018 மார்ச்சில் தடை செய்தார்கள். அப்படியான பதிவுகளுக்கும் 2024இல் முடிவு கட்டினார்கள். இருந்தும் பழைய வீடு வாங்கினால், ஃபேர்னஸ் சொந்தமா வாடகையா என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நின்றுவிட்டால், ஆளைக் கூப்பிடுமுன்

ஒன்று, தேர்மோஸ்ராற்றில் பற்றரி இருக்கிறதா, ‘ஹீற்’ என்ற இடத்தில் நிற்கிறதா. சிரிக்காதீர்கள், பாதி அழைப்பு இதுதான்.

இரண்டு, பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் லைற் சுவிட்ச் மாதிரி ஒன்று இருக்கும். பேஸ்மென்ட்டில் அரிசி மூட்டை எடுக்கப் போனவர் லைற் என்று நினைத்து அதை அணைத்திருப்பார். பெட்டியின் முன்தகடு சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஓடாது.

மூன்று, பில்ரர். இதைப்பற்றி நான் சத்தம் போடாத தமிழ் வீடு இல்லை. கறி தாளிக்கிறோம், மீன் பொரிக்கிறோம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. இரண்டு மாதத்தில் பில்ரரை உருவினால் வெள்ளை அட்டை தேன்நிறத்தில், தொட்டால் பிசுபிசுவென்று, பொரித்த சூடை மீன் மணத்தோடு வரும். அடைபட்ட பில்ரருக்குள்ளால் காற்று போகாது, வெப்பமாற்றி மிதமிஞ்சிச் சுட்டு, அதிசூட்டுச் சுவிட்ச் நெருப்பை வெட்டிவிடும். விசிறி ஓடும், காற்று குளிராக வரும். ஒரு அங்குலப் பில்ரரை மாதாமாதம் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் விடவே வேண்டாம். அதிலுள்ள அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்த்திருக்க வேண்டும். பாயும் சோபாவும் வென்ற்றை மூடாமலும் பாருங்கள்.

நான்கு, நெருப்புப் பிடித்துச் சில விநாடியில் அணைகிறதா? சாட்சி சொல்லும் கம்பியில் அழுக்கு. மின்சாரத்தை அணைத்துவிட்டு மெல்லிய உருக்குக் கம்பளியால் துடைப்பார்கள். கைப்பழக்கம் இல்லாவிட்டால் விடுங்கள். காஸ் பகுதியை நீங்களோ தெரிந்த பையனோ தொடவே கூடாது. ஒன்ராறியோவில் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஐந்து, சின்ன விசிறி மட்டும் ஓடி ஓடி நிற்கிறதா? வரிசையில் மூன்றாவதாகச் சொன்ன அந்தச் சின்ன ‘டிக்’ வரவில்லை. வழி அடைபட்டிருக்கிறது.

“வெளியில போய் அந்த ரெண்டு வெள்ளக் குழாயையும் பாரு” என்றேன். மருமகன் சாரத்துக்கு மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, வீடியோவில் என்னையும் காவிக்கொண்டு, வீட்டின் பக்கச் சந்துக்குள் போனான். குழாய்களைக் காணவில்லை. வாகனப் பாதையில் தள்ளிய பனி முழுவதும் அந்தச் சுவரோரம் குவிந்திருந்தது. யார் தள்ளியதென்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கையால் தோண்டித் துளையைத் திறந்தான், சுற்றிவர ஒரு முழத்துக்குத் துப்புரவாக்கினான். உள்ளே வந்து சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்பப் போட்டான். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தான். ‘டிக்’. சின்ன விசிறி. இரண்டாவது ‘டிக்’. கண்ணாடித் துளையில் செம்மஞ்சள். ‘வுஃப்’.

பெரிய விசிறி ஓடத் தொடங்கியதும் வென்ற்றுக்கு மேல் காலை வைத்தபடி, “மாமா, சூடு வருது” என்றான். வெயில் காலத்தில் அந்தக் குழாயை ஒன்றரை அடி உயர்த்திப் பூட்டச் சொல்லி, அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரின் இலக்கத்தை அனுப்பிவிட்டு, ஆறின தேத்தண்ணியை எடுத்தேன்.